சலவைக்கடைக்கு வந்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர்

அந்த எலெக்ட்ரீஷியனைத் தெருவில் எல்லோரும் ஒண்ணேகால் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மின்சார லோடைக் கணக்குப் போட்டாலும் அதற்கு மேல் கால் பங்கு சேர்ப்பார். கம்பி சூடாகும், நாளைக்கு இன்னொரு மெஷின் வரும், கொஞ்சம் இடம் வேண்டாமா என்பார். சட்டை தைக்கக் கொடுத்தாலும் இதே பாட்டுதான். தையல்காரர் அவருக்கு அளவெடுப்பதையே விட்டுவிட்டார்.

ஒண்ணேகாலுடைய மனைவியின் தம்பி சலவைக்கடை திறந்தான். மெஷின்கள் வெளிநாட்டுப் பழசு, வோல்டேஜும் வேறு. அதனால் இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியிருந்தது. மெஷின்கள் வந்து சேரும் முன்பே, மனைவி தம்பியிடம் கேட்டு வந்து சொன்ன லோடை வைத்து ஒண்ணேகால் ஒரு பட்டறையில் அதற்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். வந்திறங்கியதை உள்ளே கொண்டுபோகக் கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று.

முதல் நாளே ஒரு லாட்ஜின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்தன. சாயங்காலத்துக்குள் வெளுத்துக் கொடுத்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் வேறு கடை பார்ப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

ஒண்ணேகால் சுவிட்சைப் போட்டார். டப்பென்று பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றது. மறுபடி போட்டார். மறுபடி டப்.

"மாமா, ஒரு மெஷின்கூட இன்னும் ஓடல. அதுக்குள்ள படுத்துக்கிச்சே!"

"போட்டவுடனே டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மடக்கு இழுக்கும், மாப்ள. கண் சிமிட்டற நேரந்தான். வயிறு பெருசுன்னா மடக்கும் பெருசு."

"அப்ப பெரிய பிரேக்கரா மாட்டிடுங்க."

"மாட்டலாம். சுவத்துக்குள்ள இருக்கற வயரு தாங்காது. பிரேக்கர் கம்முனு நிக்கும், கடை எரியும்."

மெஷின்களின் முதுகில் இருந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார். தேவையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

"டேய், நீ சொன்ன லோடு எங்கேருந்து வந்துச்சு?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "எதுக்கும் இருக்கட்டும்னு கால் பங்கு சேர்த்து அக்காகிட்ட சொன்னேன்."

"நீங்க எப்படியும் கேப்பீங்கன்னு நானும் ஒரு கால் சேர்த்துட்டேங்க" என்றாள் மனைவி.

அதற்கு மேல் தானும் ஒரு கால் சேர்த்ததைச் சொல்ல ஒண்ணேகாலுக்கு வாய் வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அதற்குக் கம்பி சுற்றிச் செய்து தந்த பட்டறைக்கு ஓடினார்.

"தெருவுக்கே கரண்ட் கொடுக்கப் போறீங்களோன்னு நெனச்சேன்" என்று பட்டறைக்காரர் சிரித்தார். நல்லவேளை, சரியான அளவில் ஒன்று அவரிடம் தயாராக இருந்தது.

உச்சி வெயிலில் அதை மாட்டி சுவிட்சைப் போட்டபோது எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். லேசான ரீங்காரம், அவ்வளவுதான். பிரேக்கர் அசையவில்லை.

போன அரை நாளைக் கைகள்தான் ஈடுகட்ட வேண்டியிருந்தது. மச்சினன் துவைத்தான், அக்கா மடித்தாள், ஒண்ணேகால் அடுக்கினார். மேனேஜர் வந்தபோது கட்டுகள் எல்லாம் தயார். கடைசிக் கட்டின்மேல் தலைவைத்து அடுக்கியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி பதறிப்போய் எழுப்பக் கை நீட்டினாள்.

மேனேஜர் தடுத்தார். "இருக்கட்டும்மா. நாளைக்கு அழுக்குத் துணி கொண்டு வருவேனில்ல, அப்ப அந்தக் கட்டை எடுத்துக்கறேன்."