இலை உதிராத சிவப்பு ஓக்

பிக்கரிங்கில் என் குடும்பமும் மனைவியின் தம்பி குடும்பமும் சேர்ந்து வாங்கிய வீட்டு வாசலில், தென்மேற்கு மூலையில், 1993 ஒக்டோபரில் ஒரு சிவப்பு ஓக் கன்றை நட்டேன். கன்று விற்றவர் மேப்பிளைத்தான் காட்டினார். நான் நூலகத்தில் மாதக்கணக்காக வாசித்துவிட்டே போயிருந்தேன். வெள்ளை ஓக் மெதுவாக வளரும். பர் ஓக்கின் இலை மஞ்சளோடு நின்றுவிடும், சிவக்காது. இந்த மண்ணுக்குரிய சிவப்பு ஓக்தான் பின்னேர வெயிலுக்கு நிழலும் தரும், இலையுதிர் காலத்தில் சிவக்கவும் செய்யும். தளிர் விட்ட நாள், நிறம் மாறிய நாள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன்.

1995 ஒக்டோபரில் மரம் என் உயரத்தைத் தாண்டியிருந்தது. இலைகள் வெட்டுக்காயம்போலச் சிவந்தன. பிறகு மண்ணிறமாகின, ஆனால் விழவில்லை. குளிர்காலம் முழுக்கக் காய்ந்தபடி காற்றில் சரசரத்தன. இளம் ஓக் அப்படித்தான், பழைய இலையை வசந்தம் வரை விடாது. அதையும் கொப்பியில் எழுதினேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த சித்திரை, வருசப் பிறப்புக்கு முதல் நாள். உள்ளே வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். வெளியே வெட்டுச் சத்தம். ஓடிப்போனேன். மச்சான் கோடாலியோடு நின்றான்.

"என்னடா செய்யிறாய்?"

"பட்ட மரம் அத்தான். வாசல்ல பிணத்தை வச்சுக்கொண்டோ நாளைக்குப் பொங்கிறது?"

"உது பட்டதெண்டு ஆர் சொன்னது?"

"இலை கருகி ஒட்டிக்கொண்டு நிக்குது. உதுக்கும் உங்கட கொப்பியைப் பாக்கவேணுமோ?"

சிரித்தபடி இன்னொரு முறை போட்டான். வெட்டிய இடத்தில் பட்டைக்கடியில் பச்சை ஈரம் தெரிந்தது.

சட்டையைப் பிடித்து இழுத்து அவன் முகத்தில் குத்தினேன். கோடாலி விழுந்தது. அவன் என்னை மதிலோடு சேர்த்து இடித்தான். என் வாயில் இரத்தம். மண்வெட்டி கையில் அகப்பட்டது. பிடியால் அவன் தலைக்கு ஓங்கினேன். இடையில் பாய்ந்த மனைவியின் முன்கையில் அது விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாகச் சொன்னாள். டொக்டர் போன பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"மரம் உயிரோட இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லேல்லை?"

"எழுதி வச்சனான்."

"நாங்கள் கொப்பிக்குள்ளயோ இருக்கிறம்?"

மே மாதக் கடைசியில் மச்சான் குடும்பத்தோடு ஒஷாவாவுக்கு மாறினான். பாதி வெட்டுண்ட மரம் ஒரு பக்கம் மட்டும் தளிர் விட்டிருந்தது. லொறியில் கடைசிச் சாமானை ஏற்றிவிட்டு அவன் அந்தத் தளிரை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அத்தான், எனக்குத் தெரியாது."

மனைவி பிளாஸ்டர் போட்ட கையோடு படியில் நின்று என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகத்தான் இருவரும் நின்றார்கள். மரம் சரியாமல் இருக்க முட்டுக் கொடுக்க வேண்டும் என்று, நான் கட்டை எடுக்கக் கராஜுக்குள் போனேன். திரும்பி வந்தபோது லொறி இல்லை. படியில் மனைவியும் இல்லை. வீட்டுக் கதவு உள்ளிருந்து பூட்டியிருந்தது.