குதிரையின் கழுத்தில் ஒரு கோடு

பெட்டியைத் திறக்கும் முன் சித்தி அதைக் காதருகே வைத்து ஒரு குலுக்கு குலுக்குவாள், உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்க்க. "குலுக்கினா உடையாதா சித்தி?" என்றால், "ஏற்கெனவே உடைஞ்சதுதானேடா" என்பாள். எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழைய சாமான் கடையில் வாங்கிய ஓவியப் பெட்டி. எந்தக் காலத்துப் பிள்ளைகள் வரைந்து பழகியதோ, மூடியில் பல் பட்ட தடம்கூட இருக்கிறது. உள்ளே குதிரை, படகு, பூனை அட்டைகள். நடுவே நிமிர்த்தி வைக்க, மறுபக்கம் தெரிகிற ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் அட்டை, அந்தப் பக்கம் வெள்ளைத் தாள். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் குதிரை தாள்மேல் நிழலாக நிற்கும். அதன்மேல் பென்சிலை ஓட்டினால் போதும். என்ன, குதிரை திசை மாறிப் பார்க்கும்.

கோளாறு வேறு. கண்ணாடியின் குறுக்கே ஒரு விரிசல். "கண்ணுக்குத் தெரியறத மட்டும் போடு, உன் புத்திசாலித்தனத்த வீட்ல வெச்சுட்டு வா" என்பது சித்தியின் சட்டம். மாடியறைக்குச் சித்தியிடம் ஓவியம் பழக வரும் வாண்டுகள் சட்டத்தை மீறுவதில்லை. குதிரையையும் போட்டார்கள், விரிசலையும் போட்டார்கள். சித்திக்குக் 'கோட்டு டீச்சர்' என்று பெயர் வைத்தது நான் இல்லை. பரப்பியது மட்டும்தான் நான்.

போன வாரம் அம்மாக்கள் திரண்டு வந்தார்கள். "எம்பையன் பூனைய வரைஞ்சாலும் கழுத்த அறுத்துட்டு வரான் டீச்சர். கண்ணாடிய மாத்துங்க, இல்லேன்னா நிறுத்திக்கிறோம்." பிள்ளைகள் நின்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் இந்த வீட்டில் சித்திக்குச் சமையலறை மட்டும்தான். மாற்றிவிட்டாள்.

இன்று பெட்டியைக் குலுக்கவில்லை. புதுக் கண்ணாடி பளபளவென்று நின்றது. வாண்டுகள் பென்சிலைப் பிடித்தபடி பேந்தப் பேந்த விழித்தன.

"டீச்சர், கோடு எங்க?" என்றது ஒரு பொடிசு.

"கோடு எதுக்குடி?"

"கோட்டுக்கு மேல தல, கீழ காலு. இப்ப எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

சித்தி கண்ணாடியைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "கோடு இருந்தா அம்மாவுக்குப் புடிக்கல. இல்லேன்னா புள்ளைக்கு வரல. டேய், நான் யாருக்குடா டீச்சர்?"

ஏதாவது நக்கலடிப்பேன் என்று நினைத்திருப்பாள். நான் ஒரு பென்சிலை எடுத்துச் சீவினேன்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். புதுக் கண்ணாடியைப் பார்க்க அம்மாக்கள் ஏறி வருகிறார்கள். சித்தி கைப்பையைத் துழாவி கண் மை பென்சிலை எடுத்தாள். பழைய விரிசல் ஓடிய அதே இடத்தில், மூலையிலிருந்து கோடு இழுக்க ஆரம்பித்தாள். பாதியில் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது.

திரும்பிப் பார்க்காமல், காலால் கதவைச் சாத்திவிட்டு மீதியையும் இழுத்தாள்.