எம்பித்ரீக்குள் கிடந்த குரல்

சுனாமியாய்க் கடல் வந்துபோன அடுத்த வருடம், மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ, கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தேன். தொழிலோடு தலைக்கனமும் வளர்ந்திருந்த காலம். வாகரையிலிருந்து ஓர் அக்கா, பாட்டுக் கேட்கும் எம்பித்ரீ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். போட்டால் திரையில் கம்பனிச் சின்னம் மட்டும் தெரியும், அதற்குமேல் அசையாது. கணவர் கட்டாரில் வேலை செய்து கொண்டுவந்ததாம். அவரைக் கடல் கொண்டுபோன அன்று அது நகரத்தில் தமையன் வீட்டில் கிடந்து தப்பியிருக்கிறது. பிள்ளைக்குக் கதை சொல்லி அவர் பதிந்த குரல் அதற்குள் இருந்தது. அது எனக்குத் தெரியாது.

“உள்ளுக்குக் கிடக்கிறது போகாமப் பாருங்க தம்பி,” என்றார். பாட்டுகளைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

கம்பனி ஏற்றிய மென்பொருள் பழுதாகியிருந்தது. நெட் கடையில் தேடினேன். முகம் தெரியாத ஆட்கள் எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று சும்மா விட்டிருந்த இயங்குதளம் ஒன்று அதே பெட்டிக்குக் கிடைத்தது. ஏற்றியதும் பெட்டி உயிர்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் பிழை விட்டேன். அப்போது வாகரைப் பாதையில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் சென்றிக்குச் சென்றி பஸ்ஸை மறித்து, இறக்கிச் சோதிப்பார்கள். போராடும் இயக்கத்தின் பாட்டு ஒன்று அகப்பட்டாலும் ஆள் வீடு திரும்புவது சந்தேகம். அதனால் திருத்த வரும் எதையும் கேட்டுப் பார்க்காமல் அழித்து, சினிமாப் பாட்டு நிரப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். சனம் நன்றி சொல்லும். இதையும் அப்படியே செய்தேன்.

அக்கா வந்து காதில் வைத்தார். ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார்.

“பாட்டுக் கிடக்கு. அவர்ர குரல் எங்க தம்பி?”

வீட்டோடு படங்களும் போய்விட்டன, அவருடையது என்று மிஞ்சியது இது ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது சண்டை முடிந்து அந்தச் சென்றிகளையும் கழற்றிவிட்டார்கள். எனக்கு அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அன்றைக்கே பெட்டியைத் திரும்ப வாங்கி வைத்தேன். அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றும் அதே மாதிரிச் சும்மா கிடைத்தது. மூன்று நாள் மினக்கெட்டேன். நான் நிரப்பிய பாட்டுகள் கதைகளின் இடத்தைப் பிடித்திருந்தன. பதிவு வேலை செய்கிறதா என்று மனைவியைக் கூப்பிட்டு அவர் பேசிப் பார்த்த சில விநாடி மட்டும் தேறியது.

அக்கா மறுபடி வந்தபோது கடை ஸ்பீக்கரில் போட்டேன்.

“இஞ்ச புள்ள, கேக்குதா?”

அக்கா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஓம்,” என்றார். “கேக்குது.”