சைவ மீன் தொட்டி

தொண்ணூறுகளின் கடைசியில், ஸ்ரீவராகத்து வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டவர் என் கணவர். அதைக் கழுவுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. எது எதோடு ஒத்துப்போகும் என்று விசாரித்துத்தான் வாங்கினோம். இரண்டு ஏஞ்சல் மீன்கள், அவற்றோடு நீலக்கோடு மின்னும் பொடி மீன்களான நியான் டெட்ரா ஒரு கூட்டம்.

"ஏஞ்சலுக்கு வயிறு நிறைய இது கொடுக்கணும், கேட்டோ. பசிச்சா சின்னதைப் பிடிச்சுத் தின்னுடும்," என்று மலையாளக் கடைக்காரர் உலர்ந்த புழு ஒரு டப்பா தந்தார்.

மாமியார் டப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டார். "புழுவெல்லாம் இந்தாத்துக்குள்ள வரப்படாது. நாம சாப்பிடறதையே அதுவும் சாப்பிடட்டும்."

கணவர் டப்பாவைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனார். அன்று முதல் மீன்களுக்கும் சாதம்தான்.

சாதம் கரைந்து தண்ணீர் கஞ்சியாகிவிடும். ஆபீஸ் விட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளி வாளியாக மாற்றுவேன். மாற்றும்போதெல்லாம் நியான்கள் குறைந்திருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதற்கும் நான்தான் காபி போட வேண்டும்.

கடைசியில் ஏஞ்சல்கள் இரண்டு மட்டும் மினுமினுவென்று நீந்தின. மாமியார் கண்ணாடியருகே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியோ, எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு! புழுவா கொடுத்தோம்? எல்லாம் நம்மாத்துச் சாதமாக்கும்."

"ஆமாம்மா," என்றேன், வாளியைக் கீழே வைக்காமலே.