மூன்றாம் சுற்றில் எதிராளி இல்லை

ஒரு பெண்ணை நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆடவிடாமல் ஜெயிக்க வைத்தேன். கேட்டால் நல்லது செய்த மாதிரி இருக்கும். அப்போது நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

தென்காசியில் என் கடை மாடியில் இருக்கிறது. முன்பு ஜெராக்ஸ் கடை. நான் எடுத்ததும் கேம் கடை ஆக்கினேன். போர்டு கேம், சதுரங்கக் காய், ரூபிக் கியூப், எல்லாவற்றையும் விட அதிகமாக இந்த டிரேடிங் கார்டுகள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கார்டு போட்டி. மடக்கு மேஜை ஆறு, பிளாஸ்டிக் நாற்காலி பதினான்கு, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. சீசன் நாளில் பாதிப்பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நேரே வந்துவிடுவார்கள். கார்டில் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான், வளைந்து போகும். அதனால் வாசலிலேயே ஒரு துண்டு கட்டிப்போட்டிருப்பேன். “கையையும் தலையையும் தொடச்சிட்டு உள்ள வாலே” என்று கத்துவதுதான் போட்டியின் தொடக்க உரை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டு கார்டு, அவரவர் யோசித்து அடுக்கியது. எதிரே இருப்பவரின் உயிர்ப்புள்ளிகளை யார் முதலில் காலி செய்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. முதல் சுற்றில் ஜெயித்தவர் ஜெயித்தவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோத வேண்டும். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருவருக்கு எதிராளி இருக்கமாட்டார். அவர் ஆடாமலே ஜெயித்ததாக எழுதிவிடுவோம். கபடிப் போட்டியில் சொல்கிற அதே ‘பை’தான். அதைப் புள்ளியில் கடைசியாக நிற்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும், ஒருவருக்கே இரண்டாம் முறை கொடுக்கக்கூடாது. விதி எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எங்கள் கடையின் சூரன் ஒரு போலீஸ்காரர். இருபத்தாறு இருபத்தேழு வயது, இரண்டாம் நிலைக் காவலர். பையன்கள் கேலியாக ‘ஏட்டையா’ என்பார்கள். கீழ்க்கடைக்காரர், படிக்கட்டு ஓரம் எங்கள் பையன்கள் பைக் நிறுத்துவதற்கு மாதக்கணக்கில் சண்டை பிடித்தவர். ஏட்டையா ஒருநாள் இறங்கிப்போய் ஒரு வார்த்தை பேசினார், அதோடு சண்டை நின்றது. அன்றிலிருந்து அவர் வந்தால் எனக்கு யானை பலம். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியை அவருக்கென்று ஒதுக்கி வைக்கிற அளவுக்கு வழிந்தேன். அவர் கேட்டதே இல்லை.

ஏழு ஞாயிறு தொடர் போட்டி ஒன்று அறிவித்தேன். முதல் ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். கடையம் ஊர். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். ஞாயிறு மதியம் மட்டும்தான் அவளுக்கு ஓய்வு. படியேறி வந்து, “இங்கனதான் கார்டு ஆடுதாங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாள். என் கடைக்கு ஒரு பெண் தனியாக ஆட வந்தது அதுதான் முதல் தடவை. பேசிக்கொண்டிருந்த பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் சுற்றில் ஒரு கல்லூரி மாணவனை ஜெயித்தாள். இரண்டாம் சுற்றில் ஏட்டையாவோடு விழுந்தது. பத்தே நிமிடம். அவர் கையில் இருந்த கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார். முடிந்துவிட்டது.

“ஏட்டையாவ லாக்கப்புல போட்டாச்சுலே!” என்று ஒருத்தன் ஊளையிட்டான். கடையே சிரித்தது. ஏட்டையா மட்டும் சிரிக்கவில்லை. போன் வந்தது, எடுத்துப் பேசினார், “டூட்டி வந்திருக்கு அண்ணாச்சி” என்று மூன்றாம் சுற்று ஆடாமலே போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஒரு பொம்பளைப் பிள்ளையிடம், அதுவும் பத்துப் பேர் பார்க்கத் தோற்றதில் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நானே கதை கட்டிக்கொண்டேன். அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய அறிவாளியாயிற்றே நான்! ஆள் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிடும் எனக்கு.

நான்காம் ஞாயிறு அவர் வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது. அன்று ஒன்பது பேர். இரண்டு சுற்று முடிந்ததும் பார்த்தால், அவளும் இரண்டு ஜெயம், அவரும் இரண்டு ஜெயம். மூன்றாம் சுற்றில் இவளுக்கும் அவருக்கும்தான் வந்தாக வேண்டும். யாரை யாரோடு போடுவது என்று கணக்கிட்டுச் சொல்ல என் போனில் ஆப் இருக்கிறது, அதுவும் அப்படித்தான் சொன்னது. நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பலகையில் என் இஷ்டத்துக்கு எழுதினேன். அவள் பெயருக்கு நேரே ‘பை’.

“எனக்கு ஆள் இல்லையா அண்ணாச்சி?”

“ஆப் அப்படிக் குடுக்குதும்மா. உனக்கு ஜெயம்தான், இங்கன உக்காரு.”

உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் தன் கார்டுக் கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிற ஜாதி நான்.

ஐந்தாம் ஞாயிறும் அதே கதை. “மறுபடியும் எனக்கேவா?” என்றாள். “நான் என்னம்மா செய்ய, மெஷின் சொல்லுது” என்றேன், கண்ணைப் பார்க்காமல். ஆறாம் ஞாயிறு சனியன் பத்துப் பேர் வந்துவிட்டார்கள், இரட்டைப்படை. இரண்டு ஆட்டமும் தோற்று மூஞ்சி தொங்கி உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் போய், “மழை வருத மாதிரி இருக்குலே, நீ வேணும்னா கெளம்பு” என்றேன். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒன்பது ஆகிவிட்டது. இதைத்தான் என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. வந்தவனைத் துரத்தியாவது அவளை ஆடவிடாமல் செய்தேனே!

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குத் தனியாக வெட்கப்பட வேண்டும். அவள் பஸ் பிடித்துக் கடையம் போக வேண்டும், சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்றேன். ஆம்பளைப் பையன்களோடு முட்டி இடிக்க உட்கார்ந்து ஆடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றேன். அந்த நாலு பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், ஏட்டையா இன்னொரு முறை அவளிடம் தோற்றுவிட்டுக் கடைப்பக்கம் வராமல் போய்விடுவாரோ என்ற பயம். வேறு ஒன்றுமில்லை.

இதில் அவள் உண்மையாக ஜெயித்த ஆட்டங்களும் அழுக்காகிவிட்டன. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரை முறையாகத் தோற்கடித்துவிட்டுத்தான் அந்த ‘பை’க்கு வந்து உட்கார்ந்தாள். ஆனால் பையன்கள் ‘ஆடாமலே ஜெயிக்கிற அக்கா’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அவள் காதிலும் அது விழுந்தது. படியில் ஏறும்போதே விழுந்திருக்கும். அவர்களை ஒரு அதட்டு அதட்ட எனக்கு வாய் வரவில்லை, எப்படி வரும்?

ஏழாம் ஞாயிறு கடைசி நாள். ஒன்பது பேர். மூன்றாம் சுற்றுக்கு வந்தபோது மொத்தப் புள்ளியில் அவள் முதலிடம், ஏட்டையா இரண்டாமிடம். நியாயமாக அவர்கள் இருவரும் மோதி அதில் தெரிய வேண்டியது பரிசு. நான் பலகையில் எழுதினேன். அவளுக்கு ‘பை’. ஏட்டையாவுக்கு ஒரு பாவப்பட்ட பள்ளிக்கூடத்துப் பையன். அவளுக்குப் பரிசு கிடைக்கும், இவருக்கும் தோற்ற பெயர் வராது, எல்லாருக்கும் சந்தோஷம். அப்படி ஒரு மூளை எனக்கு.

சுற்று முடிந்ததும் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். பிரிக்காத கார்டுப் பெட்டி ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். “தென்காசியோட முதல் லேடி சாம்பியன்! கைதட்டுங்கலே!” என்றேன். தட்டினார்கள், சும்மா நாலு தட்டு. போட்டோ எடுக்கப் போனை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. தன் போனை எடுத்தாள்.

“அண்ணாச்சி, நானும் இதே ஆப்ப எறக்கி வச்சிருக்கேன். ஏழு வாரத்து ஸ்கோரும் போட்டிருக்கேன். இந்தா பாருங்க. மூணாம் சுத்துல எனக்கும் இந்த அண்ணனுக்கும்தான் வருது. நாலு வாரமும் அப்படித்தான் வருது. உங்க போன்ல மட்டும் ஏன் வரல?”

லேபில் நாளெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற பிள்ளை. அவளிடம் போய் மெஷின் கதை சொல்லியிருக்கிறேன். அப்போதாவது தப்பு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

“ஏம்மா, ஜெயிச்சாச்சுல்லா? பரிசு கையில இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“பரிசு வாங்கவா நான் பஸ் ஏறி வாரேன்? ஆட வாரேன் அண்ணாச்சி.” போனை உள்ளே வைத்தாள். “இப்பவே ஒரு மேசை போடுங்க. நானும் இவங்களும் ஆடுதோம். யாரு ஜெயிக்காங்களோ அவங்க எடுத்துக்கிடட்டும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏட்டையா ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை நான் எனக்கு வசதியாகப் படித்தேன். “கடை சாத்தணும்மா” என்றேன். மணி ஐந்து. ஞாயிறு எட்டு மணி வரை கடை திறந்திருக்கும் என்று வாசலில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அவள் பெட்டியை மேஜையில் வைத்தாள். தூக்கிப் போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். “வாரேன் அண்ணாச்சி” என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பையன்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஏட்டையா மட்டும் இருந்தார். நான் பல்லை இளித்துக்கொண்டு அவரிடம் போனேன். “உங்களுக்காகத்தான் பாத்தேன். மறுபடியும் உங்களுக்குச் சங்கடம் ஆயிரக் கூடாதுன்னு…”

“எனக்காகவா?” என்றார். “எனக்கு என்ன சங்கடம்?”

“முதல் வாரம் தோத்துட்டுக் கோவத்துல ரெண்டு வாரம் வரலல்லா நீங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சீசன் பந்தோபஸ்து அண்ணாச்சி. ரெண்டு ஞாயிறும் ஐந்தருவியில நின்னேன். கூட்டத்த வரிசையில விட்டுக்கிட்டு, மனசுக்குள்ள அந்தப் பிள்ளைகிட்ட எங்கன தோத்தேன்னுதான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன். அவங்ககூட ஆடணும்னே கார்டுக் கட்டையே மாத்தி அடுக்கியிருக்கேன். ஒவ்வொரு வாரமும் அதுக்குத்தான் வந்தேன்.”

“அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“அவங்கதான் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன், போலீஸ்காரன்கூட வேண்டாம்னு. ஆளுங்க எங்கள விட்டு ஒதுங்குறது எங்களுக்குப் பழக்கந்தான். இப்ப அவங்க ஆடுதோம்னு சொன்னப்பதான் புரிஞ்சுது. புரிஞ்சு நான் வாயத் தெறக்கதுக்குள்ள நீங்க கடை சாத்தணும்னுட்டீங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஆட ஆசைப்பட்டுத்தான் நான்கு வாரம் இந்தப் படியேறி வந்திருக்கிறார்கள். பெண்ணோடு ஆட இவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று அவள் நினைத்திருப்பாள். போலீஸ்காரனோடு உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை என்று இவர் நினைத்திருக்கிறார். நடுவில் மார்க்கர் பேனாவோடு நான் நின்றிருக்கிறேன்.

அன்றைக்கே அவளுக்குச் செய்தி அனுப்பினேன். நீளமாக எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பொய் சொன்னேன், ஆப் மேல் பழி போட்டேன், ஏட்டையா ஒருநாளும் ஆடமாட்டேன் என்று சொன்னதில்லை, அவர் ஆட விரும்புகிறார் என்று எழுதி, அவர் சம்மதத்தோடு அவர் நம்பரையும் வைத்தேன். மன்னித்துவிடும்மா என்று முடித்தேன். படித்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு ஏட்டையா வந்தார், துண்டில் தலையைத் துடைத்தார், மின்விசிறிக்குக் கீழே இல்லாத வேறு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்தப் பிள்ளை கூப்பிட்டுச்சா?”

“கூப்பிட்டாங்க. ஆடிட்டோம் அண்ணாச்சி. அவங்க ஆஸ்பத்திரி கேன்டீன்ல, சாப்பாட்டு நேரத்துல. மூணு ஆட்டம்.”

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாவம் கழிந்தது போல ஒரு ஆசுவாசம். “யாரு ஜெயிச்சா?” என்று கேட்டேன்.

அவர் கார்டுக் கட்டைக் கலைப்பதை நிறுத்தவில்லை. கோபமும் இல்லை அவர் குரலில்.

“அது எதுக்கு உங்களுக்கு? உங்க இஷ்டத்துக்கு யாரு பேரையாவது எழுதிக்கிடுங்க.”

நான் பலகைக்குப் போய் அன்றைய முதல் சுற்றை ஆப் சொன்னபடி எழுத ஆரம்பித்தேன்.