பிரேக் அக்காவும் மூன்றாவது வளைவும்

"கண்ணாடி பாருங்க, சிக்னல் போடுங்க, ஓரங்கட்டுங்க." மூன்று கட்டளையும் ஒரே மூச்சில் வரும். மூன்றாவது முடிவதற்குள், பக்கத்து இருக்கையின் காலடியில் தனக்கென்று இருக்கும் பிரேக்கை அக்கா மிதித்துவிடுவார். ஓட்டிப் பழகுகிறவர் என்ன தப்பு செய்தோமோ என்று வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருக்க, அக்கா சாலையோரப் புதருக்குள் பாதி உடம்பை நுழைத்திருப்பார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பெயர் தெரியாத செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பது பைத்தியம். இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள் செய்வதால் ஊரில் 'பிரேக் அக்கா' என்று ஆகிவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. கழுத்துச் சங்கிலியில் பூதக்கண்ணாடி தொங்கும். அதே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருடைய கணவரும் ஆசிரியர்தான். அவர் வண்டி சிவப்பு விளக்குக்கு மட்டுமே நிற்கும். "உன்கிட்ட படிச்சவங்க ஓட்ட மறந்தாலும் நிறுத்த மறக்க மாட்டாங்க" என்பார்.

இரண்டு மாதமாக அக்காவை ஆட்டிவைத்தது மேட்டுச் சாலையின் மூன்றாவது வளைவில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு புதர். ஆளுயரம். இலை சொரசொரவென்று, ஓரமெல்லாம் ரம்பப் பல். பூ ஒரு பக்கம் செங்கல் சிவப்பு, இன்னொரு பக்கம் சாம்பல் பூத்த நீலம். இரண்டு செடிகள் பின்னிக்கொண்டு நிற்கின்றன என்பது அக்காவின் கட்சி. கல்லூரியில் தாவரவியல் நடத்தும் தங்கையைத் தொலைபேசியில் பிய்த்து எடுத்தார்.

"வெக்கையான காட்டுல வளர்ற செடிக்கா. வலம்புரியா இருக்கலாம். காயைப் பார்க்காம நான் பேரு சொல்ல மாட்டேன். காய் முறுக்கிக்கிட்டு இருக்கணும்."

காய் வரவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல்தான் வந்தது. பத்து நாள் படுக்கை.

எழுந்த அன்றே ஒரு மாணவிக்கு ஓட்டுநர் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற நர்ஸ். நடமாடும் மருத்துவ வண்டியில் அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் உரிமம் காட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

"பயத்துல கை கால் ஓடலக்கா."

"கையும் காலும் ஓட வேணாம் கண்ணு. வண்டி ஓடினா போதும்."

முன்னால் நர்ஸும் தேர்வு அதிகாரியும். பின்னால் அக்கா. அங்கே காலடியில் பிரேக் கிடையாது. வாயைத் திறக்கவும் கூடாது. மேட்டுச் சாலை வந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பார்த்தால் வாய் திறந்துவிடும். திறந்தால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்.

வண்டி மெல்ல ஓரங்கட்டி நின்றது.

"ஏம்மா நிறுத்தினீங்க?" அதிகாரியின் குரலில் ஈரமே இல்லை.

அக்காவோடு அந்த வளைவில் நின்று நின்று பழகிய கை காரியத்தை முடித்த பிறகுதான் நர்ஸுக்கே உறைத்தது. "காய் விட்டிருக்கு சார்."

"யாரு?"

"செடி சார்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியபடி, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். அதிகாரி சிமிட்டிக்கொண்டிருந்த சிக்னலைப் பார்த்தார். இழுத்துவிட்டிருந்த கைபிரேக்கைப் பார்த்தார். தாளில் ஏதோ குறித்தார்.

"நிறுத்தினதுல குறை ஒண்ணும் இல்ல. டீச்சர், உள்ள இருந்தாதான் நீங்க பேசக் கூடாது. இறங்கினா பேசலாம்."

அக்கா எப்படி இறங்கினார், எப்படி மேட்டில் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கையில் ஒரு பச்சைக் காய். விரல் நீளம். ஐந்து இழை சேர்த்துத் திரித்த கயிறு மாதிரி இருந்தது. தொலைபேசியில் தங்கை.

"முறுக்கிக்கிட்டு இருக்குடி. ஈரத்துணியைப் பிழிஞ்ச மாதிரி அப்படி ஒரு முறுக்கு."

"அப்ப வலம்புரியேதான்."

"கூட நிக்கிற அந்த நீலப் பூச் செடி?"

"அதுவும் இதுதாங்க்கா. சிவப்பா பூக்கும், வயசானா நீலமாயிடும்."

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு மாசமா ஒரே ஆளை ரெண்டு பேருன்னு நெனச்சு குசலம் விசாரிச்சிட்டு இருந்திருக்கேன்." மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினார். முழங்கையில் சிராய்ப்பு, தலையெல்லாம் சருகு. அதிகாரி பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக் காயை உருட்டி உருட்டிப் பார்த்தார். நர்ஸ் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்து அலுவலக வாசலில் வண்டி நின்றதும் அதிகாரி தாளைக் கிழித்து நீட்டினார். தேர்ச்சி. நர்ஸ் கண்ணைத் துடைத்தபடி பின்பக்கம் திரும்பி, "அக்கா, பாருங்கக்கா" என்று அதைக் கொடுத்தார். அக்கா வாங்கி, ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, நடுவில், மேட்டில் பறித்துவந்த ஒரு சிவப்புப் பூவையும் ஒரு நீலப் பூவையும் வைத்து இரண்டாக மடித்தார். அதை இருக்கையில் வைத்து, பூ தட்டையாகப் படியட்டும் என்று அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.