இரண்டு முறை தெளித்த வத்தல்

எழுபதுகளின் கடைசியில் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் வேலை பார்த்தேன். கடல் எத்தனையோ மைல் தள்ளி இருந்தது. ஆனாலும் தூத்துக்குடியில் தோணி கிளம்பும் நேரத்தை வைத்துத்தான் நாங்கள் சோறு தின்பதே அமைந்தது. கொழும்புக்குப் போகும் சரக்கு என்றால் முதலாளி டெலிபோனை விட்டு நகரமாட்டார்.

காய்ந்த வத்தலை அப்படியே மூட்டையில் மிதித்தால் நொறுங்கிவிடும். அதனால் முந்தின சாயங்காலமே குவியலில் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவோம். தெளித்தவர் குடத்தைப் பக்கத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

அன்று விடியற்காலை நான் போனபோது குடம் நிமிர்ந்து, தண்ணீரோடு இருந்தது. கூட வேலை பார்க்கும் அக்கா மறந்துவிட்டாள் என்று நானே தெளித்தேன். காலையில் மூட்டை பிடித்தார்கள்.

"இன்னைக்கு வத்தலுக்கு நம்ம மேல பாசம். ஒரு தும்மல் வரல பாருங்க" என்று மிதித்துக்கொண்டே சிரித்தார் மேஸ்திரி.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அக்கா மதியம்தான் வந்தாள். நான் தெளித்ததைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"நேத்து போறப்பவே தெளிச்சு, குடத்தக் கவுத்துட்டுத்தானே போனேன். கை கழுவ எவனாவது தண்ணி பிடிச்சு வச்சிருப்பான்."

வாசலில் லாரியில் பாதிக்கு மேல் ஏற்றியிருந்தார்கள்.

"யார்ட்டயும் சொல்லாத. லாரி போயிரட்டும்" என்றாள் அக்கா.

"அங்க போய்ப் பூஞ்ச பூத்துப்போச்சுன்னா?"

"கடத்தண்ணி பட்டுருச்சும்பாங்க. உனக்கென்ன?"

வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. முதலாளியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியவள் இல்லை நான். ஆனால் சரக்குப் பூத்தால் பதில் சொல்ல வேண்டியவர் மேஸ்திரி. ஏற்றக் கிடந்த ஒரு மூட்டையில் கையை வைத்தேன். உள்ளே ஈரம் புழுங்கி, காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு மாதிரிச் சுட்டது.

வெளியே டிரைவர் கயிறு வீசிக் கட்டத் தொடங்கியிருந்தார். மேஸ்திரியிடம் போனேன்.

"அண்ணே, கயிறு கட்ட வேணாம்."

"ஏன்த்தா, நீயும் தூத்துக்குடிக்கு வாரியா?"

"ரெண்டு தடவ தண்ணி தெளிச்சாச்சுண்ணே. ரெண்டாவது நான்தான்."

அவர் சிரிப்பு நின்றது. ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டார். எடுத்த கையைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொல்ல உள்ளே போனார்.

எல்லா மூட்டையையும் இறக்கி, பிரித்து, மறுபடி காயக் களத்தில் கொட்டினார்கள். "அந்தத் தோணி போகட்டும்" என்று முதலாளி டெலிபோனில் கத்துவது தெருவரை கேட்டது. பிறகு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் மேஸ்திரியிடம்தான் சொன்னார்:

"அந்தப் பிள்ளைய நாளைக்கு வரச் சொல்லு. குடத்த மட்டும் அது கையில குடுத்துராத."

மறுநாள் கோணி ஊசியும் சணலும் கொடுத்து மூட்டை தைக்க உட்கார வைத்தார்கள். அக்காவும் பக்கத்தில்தான். மதியம் வரை அவள் தன் மூட்டையையே பார்த்துத் தைத்தாள். அதற்கப்புறம், கோத்துக் கொடு என்று தன் ஊசியை என் பக்கம் நீட்டினாள்.